சோற்றுக்குப் பின் வரும் வலி

அத்தைக்குப் பால்காரர் மேல் சந்தேகம். பால்காரரின் மாட்டின் மேலும் சந்தேகம். "இம்புட்டுப் பாலு குடுக்கற மாடு எப்பிடி இப்பிடி எளச்சுக் கெடக்கும்?" என்று ஒருநாள் வாசலில் நிறுத்தியே கேட்டுவிட்டார். பால்காரர் பதில் பேசாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். அவர் பேசாமல் போனதையும் அத்தை சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

பாசார் என்கிற சந்தையில் மீன்காரர் எடுத்து நீட்டும் மீனை வாங்கமாட்டார். கூடைக்குள் கையை விட்டு அடியில் கிடப்பதை உருவுவார். செவுளைத் திறந்து பார்த்து, விரலை மோந்து பார்த்து, அதையும் திருப்பிப் போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடப்பார். தையற்காரரிடம் துணி கொடுத்தால் அவர் வெட்டி முடிக்கும்வரை கடையிலேயே நிற்பார். வெள்ளிக்கிழமை தவறாமல் ஜாலான் துக்காங் எமாஸ் தெருக் கோயிலில் இருக்கும் பொய்யாத பிள்ளையாரைப் பார்க்கப் போவார். பிள்ளையாரை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அர்ச்சனை நடக்கும்போது அவர் பார்வை பிள்ளையார்மேல் இருக்காது. நம் நட்சத்திரத்தைத்தான் சொல்கிறாரா என்று குருக்களின் உதட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் நான் தம்பின் ஊரிலிருந்து மருமகளாக வந்தேன். மெர்டேக்காவுக்கு, மலாயா சுதந்திரத்துக்கு, சற்று முந்திய காலம். மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு பலகை வீடு. நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் மலாக்கா செட்டிக் குடும்பம். அவர்கள் கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். அந்த வீட்டுப் பெரிய பெண்மணியை எல்லாரும் பீபி என்று கூப்பிடுவோம். இந்தப் பக்கம் அத்தை, என் வீட்டுக்காரர், நான். வீட்டுக்காரருக்கு பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கர் வேலை. பிறரைச் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கினாலும், வீட்டுக்கு வந்துவிட்டால் எதையும் கேட்காமல் தலையாட்டிவிட்டுப் போகிற மனிதர்.

வந்த புதிதில் அத்தை என் சமையலைக் குறை சொல்லவில்லை. நான் முதலில் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு அப்புறம் தட்டை எடுப்பார், அவ்வளவுதான். புது இடத்தில் எனக்குப் பசிக்குமே என்ற கரிசனம் என்று எடுத்துக்கொண்டு, என் அம்மாவுக்குப் பெருமையாக அதை எழுதியும் அனுப்பினேன்.

கொஞ்ச மாதத்தில் வலி தொடங்கியது. ஒரு மதியம் சோறு பாதி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கை நெஞ்சுக் குழியில். முகம் வெளுத்தது.

"என்னங்க அத்தை? தண்ணி குடிக்கிறீங்களா?"

தண்ணீரை வாங்கினார். குடிக்கவில்லை. குவளைக்குள் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, மூச்சு திரும்பியதும், மெதுவாகக் கேட்டார்: "இதுல என்ன போட்ட?"

"மல்லி, சீரகம், புளி..."

"அத நான் கேக்கல."

எதைக் கேட்டார் என்று எனக்கு அடுத்த வாரம்தான் புரிந்தது. வலி மறுபடியும் வந்தது, மறுபடியும் சோற்றுக்குப் பிறகு. நெஞ்சு நடுவில் ஒரு கை உள்ளே புகுந்து முறுக்குவது போல இருக்கிறது, முதுகுவரைக்கும் போகிறது என்று அவர் தன் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தது பலகைச் சுவரின் இரண்டு பக்கமும் கேட்டது. "மருமக வர்றதுக்கு முன்ன எனக்கு இந்த வலி உண்டா? நீயே சொல்லு."

தனக்கென்று தனியாகச் சமைக்கத் தொடங்கினார். சின்னப் பானையில் ஒரு பிடி அரிசி, ஒரு துண்டு மீன். வேறு கை படுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று அடுப்படியிலேயே நின்றுகொண்டு, ஆவி பறக்கப் பறக்க, அள்ளி அள்ளி விழுங்குவார். வலி முன்னைவிட மோசமானது. தானே சமைத்ததற்கும் வலிக்கிறதே என்று யோசிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். யோசிக்கத்தான் செய்தார், உப்பு ஜாடியை எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு தண்ணீர்ப் பானையை.

அந்தச் சமயத்தில் பீபி, வீட்டில் ஏதோ விசேஷம் என்று புலுட் அரிசிப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார். தேங்காய்ப்பாலில் வேகவைத்தது, கையில் ஒட்டும். பீபியின் கைச் சமையல் என்றால் அத்தைக்கு ஆசை. இரண்டு துண்டு சாப்பிட்டதுமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி, அதை மறைக்க முடியாது. இது என் சமையல் இல்லையே! ஆனால் மாலையில் அத்தை தன் மகனிடம் சொன்னார்: "ரெண்டு பேரும் கூட்டு. வேலிக்கிட்ட நின்னு மலாய்ல குசுகுசுன்னு பேசிக்கிட்டு இருந்தாளுங்க, நான் பாத்தேன்."

நானும் பீபியும் பேசியது துணி காயாததைப் பற்றி.

வீட்டுக்குள் ஒருவர் உங்களைச் சந்தேகப்பட்டால் அது மெல்ல மெல்ல உங்கள் கைக்குள்ளும் வந்துவிடுகிறது. மஞ்சள்தூள் டப்பாவைத் திறக்கும்போது யாராவது பார்க்கிறார்களா என்று நானே திரும்பிப் பார்க்க ஆரம்பித்தேன். கறிவேப்பிலை கிள்ளப் பின்கட்டுக்குப் போனால்கூட, என்ன இலை என்று காட்டுவதுபோலக் கையை விரித்துக்கொண்டே உள்ளே வருவேன். ஒருநாள் என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "நீ ஒண்ணும்... சாப்பாட்டுல ஒண்ணும் இல்லதானே?"

நான் பதில் சொல்லவில்லை. பால்காரரைப் போல நானும் பேசாமல் நின்றதை அத்தை அடுப்படியில் இருந்தே கேட்டுக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. வீட்டுக்காரர் வேலைக்குப் போனபிறகு என் துணிகளை எடுத்துப் பையில் மடித்து வைத்தேன். தம்பினுக்குப் போனால் என் அப்பா ஏன் வந்தாய் என்று கேட்பார். என்ன சொல்வது? மாமியாருக்கு விஷம் வைத்ததாகச் சந்தேகப்படுகிறார்கள் என்றா? பை பல நாள் கட்டிலுக்கு அடியில் அப்படியே கிடந்தது.

வலி தாங்காமல் போன ஒரு காலையில் என் வீட்டுக்காரரே அத்தையை ஊருக்குள் இருந்த ஒரு தனி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் குழல் வைத்துக் கேட்டார், வயதைக் கேட்டார், நெஞ்சு நடுவில் பிசைகிற வலி என்றதும் இருதயம் என்று சொன்னார். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சின்ன மாத்திரை கொடுத்து, வேலை எதுவும் செய்யாமல் படுக்கையில் இருக்கச் சொன்னார். அடுத்த முறை வலி வந்தபோது அத்தை மாத்திரையை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வலி இறங்கிவிட்டது. இருதயம்தான் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? என் வீட்டுக்காரர் அன்று எனக்கு ரிப்பன் வாங்கிக்கொண்டு வந்தார். அதுதான் அவருடைய மன்னிப்பு. நான் பையிலிருந்து துணிகளை எடுத்து மறுபடியும் அலமாரியில் வைத்தேன்.

அத்தைக்கு மட்டும் அந்தப் பதில் பிடிக்கவில்லை. "நெஞ்சுல காது வச்சுக் கேட்டா உள்ள இருக்கறது எப்பிடித் தெரியும்? தேங்காயத் தட்டிப் பாக்கறமாதிரி." ஆனாலும் படுத்தார். மகன் கையைப் பிடித்துக் கெஞ்சியதால் படுத்தார். சாப்பிட்டதும் நான் தட்டை எடுத்துக்கொண்டு போவேன், அவர் அப்படியே சாய்ந்துவிடுவார். வலி குறையவில்லை, கூடியது. மாத்திரைப் புட்டி இடுப்பிலேயே இருந்தது. படுத்துக்கொண்டே என் காலடிச் சத்தத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டிருப்பார். "இந்நேரம் அடுப்படியில என்ன வேல?" என்று குரல் வரும்.

பண்டார் ஹிலிர் பாடாங் திடலில் பெரிய கூட்டம், சுதந்திரம் எந்த நாளில் வரும் என்று சொல்லப்போகிறார்கள் என்ற பேச்சு காஜா பெராங் முழுக்கப் பரவியது. அன்று காலை அத்தை எழுந்து சேலையை மாற்றிக்கொண்டார்.

"அத்தை, டாக்டர் நடக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"வெள்ளக்காரன் போறேங்கறானாம். அத என் காதால கேக்காம எப்பிடி நம்பறது?"

அவரைத் தடுக்க என்னால் ஆகவில்லை. பேச்சா என்கிற மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் ஏறச் சொன்னேன். மிதிக்கிறவன் எந்த வழியாகக் கூட்டிக்கொண்டு போவானோ என்று மறுத்துவிட்டார். நடந்தோம். மாத்திரைப் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். வெயில். ஊரே தெருவில் இருந்தது. அத்தை ஜனங்களை முழங்கையால் விலக்கிக்கொண்டு முன்னே போனார். தூரத்திலிருந்து ஒலிபெருக்கியில் வந்தது எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை, கூட்டம் கத்தியது மட்டும் கேட்டது. "தேதி சொல்லிட்டாங்களாம்," என்றேன். "தேதி யாரு வேணாலும் சொல்லலாம்," என்றார் அத்தை. ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது.

திரும்பியும் நடந்தே வந்தோம். வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை. எனக்குத்தான் கால் கெஞ்சியது. வீட்டு வாசலில் பீபி, பாவம் களைத்து வந்திருக்கிறோம் என்று ஐஸ் போட்ட சிரப்புத் தண்ணீர் கொடுத்தார். அத்தை மடக்கென்று குடித்தார். குடித்து முடிக்கவில்லை, குவளை கீழே விழுந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் சரிந்தார்.

மாத்திரை கொடுத்தேன். வலி இறங்கியது. ஆனால் எனக்குள் ஒன்று உட்கார்ந்துகொண்டது. அவ்வளவு தூரம் வெயிலில் போய்வந்தபோது ஒன்றும் செய்யாத இருதயத்துக்கு ஒரு வாய் ஐஸ் தண்ணீரில் என்ன வந்தது? என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் தலையாட்டினார். இந்த முறை நான் விடவில்லை. "சும்மா தலையாட்டாதீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

பெரிய ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் இருந்தார். கை கால்களிலும் நெஞ்சிலும் கம்பிகளை மாட்டி மெஷினில் இருதயத்தைப் பார்த்தார்கள். மின்சாரம் வைக்கிறார்கள் என்று அத்தை என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டார். மெஷினில் குற்றம் எதுவும் தெரியவில்லை. டாக்டர் அதோடு விடாமல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"வலி எப்ப வரும் அம்மா? நடக்கேக்கையா, வேலை செய்யேக்கையா?"

"சோத்துக்கு அப்புறம். படுத்தா."

"படி ஏறினா?"

"ஒண்ணும் பண்ணாது."

"அன்னிக்குப் பாடாங்குக்கு நடந்தே போய்ட்டு வந்தாங்க டாக்டர்," என்றேன் நான். "வந்து ஐஸ் தண்ணி குடிச்சாங்க. உடனே வலி."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு அத்தையை. "வீட்டில ஆர் சமைக்கிறது?"

அத்தை என்னை நோக்கி விரலை நீட்டினார்.

"நீங்களே சமைச்சுச் சாப்பிட்டாலும் வலிக்குதோ?"

அத்தை நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். "வலிக்குது," என்றார்.

வெள்ளையாக, சுண்ணாம்புக் கரைசல் போல ஒன்றைக் குடிக்கச் சொல்லி, அது உள்ளே இறங்கும்போதே படம் எடுத்துப் பார்த்தார்கள். குடிக்கும்முன் அத்தை அதை மோந்து பார்த்து, மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸை ஒரு வாய் குடிக்கச் சொன்னார். மிஸ்ஸி சிரித்துவிட்டாள், குடிக்கவில்லை. பிறகு டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். சாப்பாடு இறங்குகிற குழாய் நேராக இருக்கவேண்டும். அத்தைக்கு அது ஈரத்துணியைப் பிழிந்தமாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. அவசரமாக விழுங்கினாலும், கொதிக்கக் கொதிக்கத் தின்றாலும், ஐஸ் குடித்தாலும் அது பிடித்து இழுக்கும், சாப்பிட்டதும் படுத்தால் புளித்த நீர் மேலே ஏறி இன்னும் கெடுக்கும் என்றார். இருதயமும் உணவுக்குழாயும் பக்கத்துப் பக்கத்து வீடு, ஒன்றின் வலி இன்னொன்றின் வலிபோலவே இருக்கும் என்றும் சொன்னார்.

"அப்ப அந்த மாத்திர?" என்றார் அத்தை. "வச்சா வலி போச்சே? மாத்திரயும் பொய் சொல்லுமா?"

"அது பொய் சொல்லேல்லை அம்மா. இருதயத்தின்ர குழாயையும் தளர்த்தும், இதையும் தளர்த்தும். அதனால மாத்திரை கேட்டது எண்டு மட்டும் வச்சு இது இருதயம் எண்டு சொல்லேலாது." எழுந்துகொள்ளும்போது என் பக்கம் திரும்பினார். "இனி வாற எல்லா வலியையும் குழாய் எண்டு விட்டுடாதேங்கோ. நடக்கேக்க வந்து, நிண்டா குறையுற வலி, வேர்வை, கைக்கும் தாடைக்கும் ஏறுறது, இதுகள் எதுவெண்டாலும் உடனே கூட்டிக்கொண்டு வாங்கோ. வீட்டில இருந்து நீங்களே தீர்மானிக்க வேண்டாம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அத்தை ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தார். தெங்கேரா பக்கம் போகிற சாலை பிரியுமிடத்தில் கேட்டார்: "அந்த டாக்டர நீ முன்னாடியே போய்ப் பாத்தியா?"

"இல்லீங்க அத்தை."

"ம்."

அவ்வளவுதான். மன்னிப்பு எதுவும் வரவில்லை, அவருடைய ஆயுளில் வரவும் இல்லை. ஆனால் மறுநாள் காலை உப்பு ஜாடியும் தண்ணீர்ப் பானையும் அடுப்படிக்குத் திரும்பியிருந்தன. நான் குழம்புக்குக் கரைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "புளியக் கொறச்சு வை, புள்ள," என்றார்.

சாப்பிட்டபின் படுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், மதியங்களில் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. தூங்கவும் முடியாது. துணைக்கு நானும் உட்கார்ந்தேன். அதற்குமுன் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பால்காரரைப் பற்றிப் பேசினார், மீன்காரரைப் பற்றிப் பேசினார். ஒரு மதியம் மாமாவைப் பற்றி, என் வீட்டுக்காரரின் அப்பாவைப் பற்றிப் பேசினார்.

ஜப்பான்காரன் காலம். அப்போது ஜாசின் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தார்கள். சயாமுக்கு ரயில்பாதை போட ஆள் எடுத்தார்கள். சில மாத வேலைதான், அரிசி உண்டு, துணி உண்டு, திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவோம் என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீடு வீடாக வந்து சொன்னார். மாமாவுக்குப் போக மனமில்லை.

"நாந்தான் போகச் சொன்னேன்," என்றார் அத்தை. "வீட்டுல அரிசி இல்ல. கிராணி நம்ம ஆளு, படிச்சவரு, பொய்யா சொல்லுவாருன்னு. லாரியில ஏறும்போது அவரு என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. நான் கையாட்டினேன்."

மாமா திரும்பவில்லை. எங்கே செத்தார், எப்படிச் செத்தார் என்று யாரும் வந்து சொல்லவில்லை. அத்தை இதை அழாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் நேரம் ஆகிவிட்டது, இனிப் படுக்கலாமா என்று கேட்டார். நான் இன்னும் கொஞ்சம் உட்காருங்கள் என்றேன்.

மெர்டேக்கா வந்தது. சொன்ன தேதியிலேயே வந்தது. "பரவால்ல," என்றார் அத்தை. அடுத்த வருடம் என் மகள் பிறந்தாள். வலி எப்போதாவது வரும், வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தால் போய்விடும். அத்தைக்கு இப்போது அந்த டாக்டர்மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. பாசாரில் தெரிந்தவர்களிடம் எல்லாம், "எனக்கு இருதயம் கல்லுமாதிரி லா. கொழாய்தான் கோளாறு. படமே எடுத்துப் பாத்துட்டாரு," என்று சொல்லிக்கொள்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை, குழந்தையைப் பீபியிடம் விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் கோயிலுக்கு நடந்துகொண்டிருந்தோம். விரதம் என்று அத்தை காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பள்ளிவாசலைத் தாண்டும்போது நின்றார். ஒரு கடை வாசல் பலகையில் உட்கார்ந்தார். இடது கை தாடையைத் தடவிக்கொண்டிருந்தது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"என்ன அத்தை?"

"கொழாய்தான். சுடுதண்ணி வாங்கிட்டு வா."

வாங்கிக்கொண்டு வருவதற்குள் வலி குறைந்துவிட்டது. எழுந்து நடந்தார். சிறிது தூரம் போனதும் மறுபடியும் நின்றார், மறுபடியும் கை தாடைக்குப் போனது. அங்கே பஸ் நிறுத்தத்தில் பணியில் இருந்த என் வீட்டுக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"பழைய வலிதானே?" என்றார். "வீட்டுக்குப் போய் உக்காரச் சொல்லு. சரியாயிடும்."

"வயித்துல ஒண்ணுமே இல்ல," என்றேன். "நடந்தா வருது, உக்காந்தா போகுது. இது அது இல்லீங்க."

"நீ சும்மா இரு புள்ள," என்றார் அத்தை. உதடு வெளுத்திருந்தது. "டாக்டரு அன்னிக்கே பாத்துச் சொல்லிட்டாரு. படிச்சவரு சொன்னா நம்பணும்."

இப்படி ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. அவர் கையைப் பிடித்து இழுத்துப் பேச்சா வண்டியில் ஏற்றினேன். வண்டிக்காரரிடம் ஆஸ்பத்திரி என்றேன். அத்தை வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தார், பிறகு திட்டவும் முடியாமல் என் தோளில் சாய்ந்துகொண்டார்.

இந்த முறை மெஷின் வேறு மாதிரி சொன்னது. இருதயம்தான். பழைய வலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, குழாயில் கோளாறு இருப்பவருக்கு இருதயத்தில் கோளாறு வரக்கூடாது என்று சட்டமில்லை என்றார் டாக்டர். வீட்டில் உட்கார வைத்திருந்தால் அன்று இரவு தாண்டியிருக்குமா என்று என் வீட்டுக்காரர் கேட்டபோது அவர் அத்தையின் நாடியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அத்தை பிழைத்தார். அதற்குப் பிறகு பல வருடம் இருந்து, என் மகள் பள்ளிக்கூடம் போவதையும் பார்த்துவிட்டுத்தான் போனார். ஆனால் எனக்கு அவரை நினைக்கும்போதெல்லாம் ஞாபகத்துக்கு வருவது அந்த வார்டில் ஒரு காலை. நான் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். புதிதாகப் பணிக்கு வந்த தமிழ் மிஸ்ஸி ஒருத்தி, காய்ச்சல் பார்த்துக்கொண்டே, "மகளா பாட்டி?" என்று கேட்டாள்.

"மருமக," என்றார் அத்தை. "பெரிய சந்தேகக்காரி, மிஸ்ஸி. பெத்த மவன் சொன்னான், நான் சொன்னேன், ஒண்ணையும் நம்பல. தரதரன்னு இழுத்துட்டு வந்துட்டா."

புகாரா பாராட்டா என்று தெரியாமல் மிஸ்ஸி என்னைப் பார்த்தாள். "நல்லவேளை, கூட்டிட்டு வந்தாங்க," என்றாள் பொதுவாக.

"வராம?" என்றார் அத்தை. "என் கை வளர்ப்பு லா."